மேசைக்கு வந்தால் பொது

டீக்கடை வாசலில் அவர் தன் சைக்கிளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற யார் சைக்கிளையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. தன் சைக்கிளையும் அவர் பூட்டியதில்லை. உங்களுக்கு அவசரமென்றால் அதை எடுத்துக்கொண்டு போகலாம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் பூட்டே வாங்காத ஒரே மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். நூல் மில் ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் எப்போதும் நிற்கும். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு டீதான் சொல்லுவார். வந்ததும் நாலு தம்ளரில் அவரே பிரிப்பார். ஒருவனுக்குச் சர்க்கரை ஆகாது, ஒருவன் இப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்தான் என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள மாட்டார். பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டு இட்லிக் கொப்பரை யாரு வீட்ல இருக்குன்னு தெரியல தம்பி. ஆனா யாரு வீட்டுதோ ரெண்டு டேபிள் ஃபேன் இங்கன சுத்திக்கிட்டுக் கெடக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே இருந்து அவரும் சிரித்தார். அந்தம்மாவின் முகத்தை நான் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் எங்களைச் சேர்த்துவைத்தது பாக்கெட் கம்ப்யூட்டர். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வரும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். ஒரே ஒரு வரி எழுத்து ஓடுகிற சின்னத் திரை, பாசிப்பயறு அளவுக்குப் பொத்தான்கள். ஆனால் சும்மா கூட்டிக் கழிக்கிற கால்குலேட்டர் இல்லை அது. செய்ய வேண்டிய வேலையை வரிவரியாக எழுதி உள்ளே ஏற்றிவிட்டால், அப்புறம் கேட்கிற எண்களை மட்டும் கொடுத்தால் போதும், விடையைச் சொல்லிவிடும். நான் சர்க்கார் வேலையில் இல்லாமல் தனியாக நிலம் அளக்கிறவன். பாகப்பிரிவினை, வேலித் தகராறு, வீட்டுமனை என்று சுற்று வட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போவேன். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து போடுகிற கணக்கை அந்த மிஷின் வரப்பிலேயே போட்டுக் கொடுத்தது. அதன்மேல் எனக்குக் காதல் என்றே சொல்லலாம்.

ஊரில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த செல்வராஜ், ஒரு கல்லூரி விரிவுரையாளர், நான், இன்னும் சிலர். எங்களைத் தேடிப் பிடித்துக் கோத்தவர் அந்த எலெக்ட்ரீஷியன்தான். யாரோ ஒருவர் சட்டைப் பையில் மிஷின் கறுப்பாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் போதும், பஸ்ஸை விட்டு இறங்கிப் பின்னாலேயே போய்ப் பேர் கேட்பார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் செல்வராஜ் கடை மாடியில் கூடுவோம். எழுதிய புரோகிராம்களை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்போம். கோயம்புத்தூரிலும் மெட்ராஸிலும் இருந்த எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு இன்லேண்ட் லெட்டரில் அனுப்புவோம். பதில் வந்தால் அவர் சத்தமாக வாசிப்பார். அந்தக் காலைகளை நான் எப்படி வெறுக்க முடியும்? அவ்வளவு நன்றாக இருந்தன.

முதலில் ஆளுக்கொரு வகை வைத்திருந்தோம். புதிதாக எந்த மிஷின் வாங்குவது என்பதுதான் எங்கள் முதல் பெரிய சண்டை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் மூலமாக இரண்டு வகை கிடைத்தது. ஒன்றில் திரை பெரிசு, பொத்தான் விரலுக்கு வாகாக இருக்கும், ஆனால் அணைத்தால் உள்ளே போட்டுவைத்த எண்களெல்லாம் போய்விடும். இன்னொன்று திரை சின்னது, ஆனால் அணைத்தாலும் எதையும் மறக்காது. அவர் இரண்டாவதுதான் என்றார். எல்லாரும் அதைத்தான் வாங்க வேண்டும் என்றார்.

விரிவுரையாளருக்குக் கண் கொஞ்சம் மட்டு. பெரிய திரைதான் வேண்டும் என்று கேட்டார்.

"ஆளுக்கொரு மிஷின்னா ஆளுக்கொரு பாஷையாப் போயிரும் சார். ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்கு ஓடாது. அப்புறம் என்னத்துக்கு ஒண்ணாக் கூடணும்?" என்றார் இவர்.

மூன்று ஞாயிறு இந்தப் பேச்சு நடந்தது. விரிவுரையாளர் தனக்குப் பிடித்ததையே வாங்கினார். இவர் கோபிக்கவில்லை. வழக்கம்போலத் தம்ளரில் டீயைப் பிரித்துக் கொடுத்தார். ஆனால் நோட்டில் இருந்த எதுவும் அந்த மிஷினில் ஓடவில்லை, மாற்றி எழுதித் தரவும் யாரும் முன்வரவில்லை. நாலைந்து வாரம் அந்த மனிதர் மூலையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வராமல் நின்றுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் ஏழு பேர், ஒரே மாதிரி ஏழு மிஷின். மாடியில் ஒரு மேசை. வந்தவுடன் எல்லா மிஷினையும் அதில் இருந்த ஒரு தகரத் தட்டில் வைத்துவிட வேண்டும். கையில் எது அகப்படுகிறதோ அதில் வேலை செய்யலாம். "மேசைக்கு வந்தாப் பொது" என்பார். போகும்போது அவரவருடையதை எடுத்துக்கொள்ளலாம். மேலே பேர் எழுதக் கூடாது, சின்னதாக ஒரு நம்பர் ஒட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் ஏற்றி வைத்த புரோகிராமை அழிக்கக் கூடாது. இதெல்லாம் அவர் போட்ட சட்டங்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. அந்த மிஷினில் எண்களைப் போட்டுவைக்க ஏயிலிருந்து இஸட் வரை இருபத்தாறு அறைகள். எந்த அறையில் எதை வைப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழக்கம் இருந்தால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாது என்பதால் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசித் தீர்மானம் செய்தோம். நீளம் எல், அகலம் டபிள்யூ. ஒரு வேலை முடிகிறவரை மாறாமல் இருக்க வேண்டிய எண் எதுவானாலும் அது கே. தீர்மானத்தை அவர் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார். அதற்குக் கீழே ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அவருடைய நல்ல குணத்தையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது பழி தீர்க்கிற எழுத்தாகிவிடும். செல்வராஜ் தன் மிஷினைக் கீழே போட்டுத் திரையை உடைத்துவிட்டு அழாத குறையாக நின்றான். இவர் உடனே தன்னுடையதைத் திருகு கழற்றித் திறந்து, திரையை எடுத்துச் செல்வராஜுடையதில் பொருத்திக் கொடுத்துவிட்டார். எங்கள் யாருக்கும் அந்த மனசு கிடையாது. அதற்குப் பிறகு அவரிடம் மிஷின் இல்லை. எங்களுடையதில்தான் தன் கணக்கெல்லாம் போட்டார்.

ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அழகம்மாள் என்கிற அக்காவுக்கும் அவருடைய கொழுந்தன் பெருமாளுக்கும் நிலம் பிரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அழகம்மாளின் புருஷன் இறந்து இரண்டு வருஷம். அவர் இருக்கும்போது நிலத்தின் நடுவாக்கில் ஒரு போர் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் இருந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். ஊர்க்காரர்கள் பேசி முடித்த ஏற்பாடு எளிமையானது. மேற்கு ஓரத்தில் வண்டிப்பாதைக்குப் பன்னிரண்டு அடி விட வேண்டியது, மீதியைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டியது. மேற்குப் பாதி பெருமாளுக்கு, கிழக்குப் பாதி அழகம்மாளுக்கு. கோடு எங்கே விழுகிறதோ விழட்டும், அவரவர் பக்கத்தில் நிற்கிற மரமோ போரோ அவரவருக்கு. போர் கிழக்கில்தான் விழும் என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்ததால் அழகம்மாள் தயங்காமல் ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அளந்தேன். பாதைக்கு உரிய பன்னிரண்டைக் கே-யில் போட்டு வைத்தேன். திங்கள் காலையில் வந்து கணக்குப் போட்டுக் கல் ஊன்றுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நடுவில் ஞாயிறு வந்தது. மிஷினைத் தட்டில் வைத்தேன்.

திங்கள்கிழமை வரப்பில் நின்றபடியே, எழுதி வைத்திருந்த மற்ற அளவுகளைக் கொடுத்தேன். மிஷின் விடை சொன்னது. அந்த அளவுக்குக் கயிறு பிடித்தேன். போர் நாலடி மேற்கே தள்ளி, பெருமாள் பக்கம் நின்றது.

அழகம்மாள் பக்கத்தில் வந்தார். "தம்பி, போரு எங்க பக்கமுல்ல வரணும்? பாத்தாலே தெரியுதே."

"கண்ணு சொல்றது வேறக்கா, கணக்கு சொல்றது வேற."

"செத்த இன்னொருக்கா போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். அதே எண்தான் வந்தது. திரையை அவரிடம் காட்டி, "மிஷின் பொய் சொல்லாதுக்கா" என்றேன். அவருக்கு எண் படிக்கத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். காகிதத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். நான் போடவில்லை. மிஷினை விட்டுவிட்டுப் பென்சிலை எடுப்பது அன்றைக்கு எனக்குக் கேவலமாகப் பட்டது. அந்த வாரமே பத்திரம் பதிவாகி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வேலைக்கு வேறொரு பாதை அகலத்தைப் போடுவதற்காகக் கே-யைத் திறந்தபோது உள்ளே முப்பத்தாறு இருந்தது. பாதைக்குப் பன்னிரண்டுக்குப் பதில் முப்பத்தாறு அடி விட்டதாக எடுத்துக்கொண்டு மிஷின் கோட்டைப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளியிருந்தது. அது சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது.

சொந்த மிஷின் இல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பதால் நேரே மில்லுக்குப் போய் அவரை வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டு விசாரித்தேன். யோசிக்கக்கூட இல்லை. "அதா, எங்க தெரு தண்ணி மோட்டாரு எரிஞ்சு போச்சுல்ல, புதுசா கம்பி சுத்திக் காயில் கட்டுறதுக்குச் சுத்துக் கணக்குப் போட்டேன். முப்பத்தாறு சுத்து. மோட்டாரு இப்ப சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது" என்றார். மாறாத எண் கே-யில்தான் போக வேண்டும். தீர்மானப்படிதான் நடந்திருக்கிறார். யார் மிஷின் என்று அவர் பார்த்திருக்கவே மாட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அடப் பாவமே, அந்தப் பொம்பளைக்கு எதாச்சும் பண்ணணுமே" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது பொய்யில்லை.

ஊருக்குப் போய் இரண்டு தரப்பிலும் விஷயத்தைச் சொன்னேன். பெருமாள் எடுத்த எடுப்பிலேயே கேட்டான். "கல்லு ஊண்டுனது நீங்கதான? அன்னைக்கு மிஷின் பொய் சொல்லாதுன்னீங்க, இன்னைக்குச் சொல்லுமாக்கும். எங்க மதினி எம்புட்டுக் குடுத்துச்சு?"

பஞ்சாயத்துத் தலைவர் நியாயமானவர். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, நீங்க ஒருத்தரே வந்து மாத்திச் சொன்னா எடுபடாதுங்க. மிஷின்ல கை வச்ச ஆளு நேர்ல வந்து, நாந்தேன் தெரியாமப் போட்டேன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லட்டும். கல்லைப் புடுங்கி நட வைக்கறது எம் பொறுப்பு. பெருமாளும் எம் பேச்சைத் தட்ட மாட்டான்." அழகம்மாள் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைதானே என்று எனக்கும் தோன்றியது.

திண்டுக்கல் திரும்பி எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன், அவர் உடனே ஒத்துக்கொண்டார். மில்லில் லீவு போட்டார். காலையில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் செல்வராஜ் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மற்ற நாலு பேரும். எல்லாரும் சலவைச் சட்டை. அவர் கையில் ஒரு தூக்குவாளி நிறைய எலுமிச்சம்பழச் சோறு.

"எதுக்கு இத்தனை பேரு?" என்றேன்.

"உன்னையத் தனியா விட்ருவோமா? ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா எல்லாரும் நிப்போம்ல" என்றார்.

பால் சொசைட்டிக் கட்டிடத்தில் கூட்டம். ஏழு பேரும் வரிசையாக நின்றோம். தலைவர் நேரடியாகக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த மிஷின்ல முப்பத்தாறுன்னு போட்டது ஆருங்க?"

"இது எங்க எல்லாருக்கும் பொதுவான மிஷினுங்க" என்றார் அவர்.

"அது சரிங்க. போட்டது ஆரு?"

"தீர்மானம் போட்டதுல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். நடந்தது தப்புத்தான். அந்தத் தப்பு எங்க ஏழு பேரு மேலயும் இருக்குங்க."

நான் பொறுக்க முடியாமல், "நீங்கதான போட்டீங்க? மில் கேட்ல வச்சு எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல. அப்புறம் தலைவர் பக்கம் திரும்பி, "அப்பிடி ஒருத்தரைப் பிரிச்சுச் சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க" என்றார். செல்வராஜ் உடனே ஒத்து ஊதினான். "ஆமாங்க, நானாக்கூட இருக்கலாம்." இன்னொருவர், "நானும் அன்னைக்கு அந்த மிஷினைத் தொட்டேன்" என்றார். ஆளாளுக்கு முண்டிக்கொண்டு தப்பை வாங்கிக்கொண்டார்கள்.

பெருமாள் சிரித்தான். "பாத்தீங்களா தலைவரே, ஒரு ஆளைக் கூட்டியாரச் சொன்னா ஒரு செட்டையே கூட்டியாந்திருக்காரு. ஏழு பேருக்கும் ஒரே பேச்சு. சொல்லிக் குடுத்தது ஆரோ."

தலைவர், "பத்திரத்துல இருக்கறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறி எழுந்துவிட்டார். அழகம்மாள் வாசற்படிக்கு அருகில் நின்றிருந்தார். எங்கள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பார்த்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். "முடிவு நமக்குச் சாதகமா வரலைன்னாலும் ஒருத்தனும் பின்வாங்கல பாத்தியா" என்று என் தோளைத் தட்டினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பஸ், நல்ல கூட்டம். நின்றுகொண்டே, மிஷினோடு சேர்க்கிற சின்னப் பிரிண்டர் ஒன்று பொதுவில் வாங்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கோடையில் அழகம்மாள் தன் புருஷன் போட்ட போரிலிருந்து கொழுந்தனிடம் முறை கேட்டுத் தண்ணீர் வாங்கித் தக்காளிக்குப் பாய்ச்சினார். முறை தள்ளித் தள்ளிப் போனது. பாதித் தோட்டம் காய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் கூலிக்குக் களை வெட்டப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்துகொண்டு, "அந்த எலெக்ட்ரிக்காரரு நல்ல மனுசரா இருக்காரு தம்பி. எனக்காக அம்புட்டுத் தூரம் வந்தாரு. ஒரு வார்த்தைதான் வாயில வரல" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளை நிறுத்திவிட்டேன். கடைசியாகப் போனபோது என் மிஷினைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். "பொதுதானே, வச்சுக்கங்க" என்று சொன்னேன். மறுபடியும் காகிதத்தில் கணக்கு. வேலை குறைந்தது. பெருமாள் போகிற இடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அட்டைப் பெட்டி பிரிக்காத புது மிஷின். எல்லாரும் சேர்ந்து எனக்காக வாங்கியது என்றார். பெட்டியை வாங்காமல், உட்காரக்கூடச் சொல்லாமல், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இதெல்லாம் வேண்டாம். நாளைக்குக் காலையில நீங்க மட்டும் எங்கூட வாங்க. தலைவர் வீட்டுக்குப் போவோம். நாந்தேன் போட்டேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துரலாம்."

"நான் மட்டுமா?"

"நீங்க மட்டும்."

அவர் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார். அவருக்கு அழகம்மாள் மேல் இரக்கம் இருந்தது, என் மேல் பிரியம் இருந்தது, திரையைக் கழற்றிக் கொடுக்கிற மனசு இருந்தது. நாலு பேருக்கு நடுவில் இல்லாமல் தனியாளாக நின்று நான் என்று சொல்வதற்கு மட்டும் அந்த மனிதருக்குள் ஆள் இல்லை. அத்தனை வருஷமும் தாராளம் என்று நாங்கள் கொண்டாடியது அந்தப் பயத்தைத்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. "செல்வராஜையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாரேன் தம்பி" என்றார். பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். வரவில்லை.

அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மூன்று நாள் ஜன்னலிலேயே கிடந்தது. நாலாம் நாள் நிலக்கோட்டைப் பக்கம் என்னைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஒருவர் மல்லிகைத் தோட்டம் அளக்கக் கூப்பிட்டார். பெட்டியைப் பிரித்து, மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பதினோரு வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. வெளியே சொல்கிற யோக்கியதைதான் இல்லாமல் போனது.